பதவியும் பழிச்சொல்லும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

இக்கூட்டத்தில் பேசும்படி காரியதரிசியார் எனக்குக் கட்டளையிட்டபோது, கல்வியைப் பற்றியோ கைத்தொழிலைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நம் சங்கத்துக் கூட்டங்களில் வழக்கமாய்ப் பேசப்படுவன அவையே. நான் எடுத்துக்கொண்ட விஷயமோ வேறு. மந்திரி ஒருவர்மீது லஞ்சம், ஊழல் முதலிய குற்றச்சாட்டு எழுமானால், அவரை உடனே விலக்கவேண்டும் என்று எதிர்க்கட்சியார் முழங்குகின்றனர். குற்றம் ருஜுவாகட்டும், அதன்பின் பார்ப்போம் என்று ஆளுங்கட்சியார் விடையளிக்கின்றனர். இவ்விரண்டில் நியாயம் எந்தப் பக்கம் உள்ளது? கட்சிக்காரர் கண்ணால் பாராமல் குடிகளின் கண்ணால் இதனைப் பார்ப்பது எங்ஙனம்? இதுவே நான் பேசப் புகுந்த விஷயமாகும்.

"இஃது அரசியலன்றோ? ஜாதிச் சங்கத்தில் இதற்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. மந்திரியின்மேல் ஒரு புகார் எழுந்த மறுநாள், முந்திக்கொண்டு வாய் திறப்பவற்றுள் நம் போன்ற சங்கங்களும் சேர்ந்தவையே. மந்திரி நம்மவராயின், "எங்கள் குலத்தைத் தூற்றுகின்றனர்" என்று கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். அவர் வேற்றுக் குலத்தவராயின், "இன்னும் ஏன் அந்த நாற்காலியில் இருக்கிறார்?" என்று கேட்கிறோம். இதைப் பிறரைப்பற்றிய குறையாக நான் சொல்லவரவில்லை. என் சொந்தக் குற்றமொன்றை இச்சபையில் ஒப்புக்கொண்டபின்பே மேலே பேச எனக்கு வாய் வரும்.

பல வருஷங்களுக்கு முன், தந்தி இன்னும் வழக்கிலிருந்த காலத்தில், நம்மவர் ஒருவர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவியொன்றை வகித்தார். அவர் பெயர் இப்போது வேண்டுவதில்லை. உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்றனர் என்று அவர்மீதும் அவரைச் சூழ்ந்திருந்தார்மீதும் புகார் எழுந்தது. எதிர்க்கட்சியார் அவரை விலக்கும்படி கேட்டனர். நம் ஊர்க் கிளைச் சங்கம் அன்றிரவே அவசரமாய்க் கூடிற்று. "இது நம் குலத்தின்மேல் தொடுத்த பாணம், அவரை விலக்கினால் எமது சமூகம் பொறாது" என்று முதல் மந்திரிக்குத் தந்தி அனுப்பினோம். அவ்வாசகத்தைத் தீட்டியவன் நானே. புகாரில் கண்டிருந்தது யாது என்று நான் படிக்கவில்லை. அங்கே இருந்த நாற்பது பேரில் ஒருவரும் படிக்கவில்லை.

மூன்று மாதம் கழிந்தபின் ஒருநாள் விடியற்காலையில் பெரியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நம்மவரே, எனக்கு மாமன் முறை. தம் மகனுக்கு உத்தியோகம் கிடைக்கும் என்று நம்பி, இரண்டு ஏக்கர் நன்செயை விற்று, அப்பதவியாளரைச் சூழ்ந்திருந்தார் கையில் கொடுத்துவிட்டார். உத்தியோகமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. "மாமா, இதை முன்பே ஏன் சொல்லவில்லை?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன், மாப்பிள்ளை. அதற்குள் உங்கள் தந்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். குலமே அவர் பக்கம் நின்றுவிட்டது. இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார்.

அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. இன்று நான் பேச எழுந்தது அவ்விடையைத் தேடியே என்று கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் நின்ற நிலையைச் சுருங்கக் கூறுகிறேன். நம் அரசியல் சாசனத்தின் 164-வது ஷரத்தின்படி முதல் மந்திரியைக் கவர்னர் நியமிக்கிறார். ஏனைய மந்திரிகளை முதல் மந்திரியின் யோசனைப்படி நியமிக்கிறார். அவர்கள் கவர்னரின் விருப்பமுள்ளவரை பதவி வகிப்பர் என்றும், மந்திரிசபை கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்புடையது என்றும் அச்சாசனம் கூறுகின்றது. டில்லி மந்திரிசபைக்கு 75-வது ஷரத்து இவ்வாறே விதிக்கின்றது. கவர்னரின் "விருப்பம்" என்றால் அவர் மனம்போனபடி என்பது பொருளன்று. 2023-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி தமிழ்நாட்டுக் கவர்னர், சிறையிலிருந்த மந்திரி செந்தில் பாலாஜியை நீக்கியதாக உத்தரவிட்டு, அன்றிரவே அவ்வுத்தரவை நிறுத்திவைத்தார். முதல் மந்திரியின் சிபார்சின்றிக் கவர்னர் ஒரு மந்திரியை நீக்கலாகாது என்ற நிலையைச் சுப்ரீம் கோர்ட்டு 2024-ம் வருஷம் ஜனவரியில் ஒப்புக்கொண்டது. ஆகவே, மந்திரியை விலக்கும் சாவி முதல் மந்திரியின் கையிலேயே இருக்கின்றது.

ஊழல் குற்றத்துக்காகக் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் தம் சட்டசபை ஸ்தானத்தையும் அதனோடு மந்திரி பதவியையும் இழப்பார். மேல்முறையீடு செய்துவிட்டேன் என்று சொல்லி அந்த ஸ்தானத்தைக் காத்துக்கொள்ள இடம் தந்த விதியைச் சுப்ரீம் கோர்ட்டு 2013-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி ரத்துசெய்துவிட்டது. குற்றச்சாட்டு எழும் நாளுக்கும் தண்டனை விதிக்கப்படும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்துக்கு என்ன விதி? அதைப்பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு, குற்றச்சாட்டு வனையப்பட்டவரை மந்திரியாக வைத்துக்கொள்ளுவதும் கொள்ளாததும் பிரதம மந்திரி, முதல் மந்திரி ஆகியோரின் விவேகத்தைப் பொறுத்தது என்று கூறி, அவர்களுடைய மனச்சாட்சியினிடமே அதை ஒப்புவித்தது.

இந்த இடைவெளியிலேதான் எதிர்க்கட்சியாரின் குரல் பிறக்கின்றது. அவர்கள் கையில் சாவி இல்லை. வாக்கெடுப்பில் வெல்லும் தொகையும் இல்லை. வாய் ஒன்றே அவர்களுக்கு உண்டு. ஆதலின் "விலக்கு, விலக்கு" என்று அவர்கள் கேட்பதைக் கலகம் என்று இகழ்வது தவறு. குடிகளுக்காகக் கேட்கவேண்டியது அவர்களுடைய தொழில். அவர்கள் கேளாவிட்டால் நம் மாமனைப் போன்றவருக்காகக் கேட்பார் யார்?

கேள்வி எழுந்தவிடத்து நடக்கவேண்டிய முறை யாது என்பதற்கு நம் தேசத்து வரலாற்றிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. அது தமிழ்நாட்டவர் ஒருவரைப் பற்றியதாகையால் நாம் அறிந்திருக்க வேண்டுவதாம். 245 இன்ஷியூரன்ஸ் ஸ்தாபனங்களை ஒன்றாக்கி 1956-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷன் தொடங்கப்பெற்றது. வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் சிறு வியாபாரிகளும், தமக்குப் பின் மனைவி மக்கள் தவிக்கலாகாது என்று வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம் அங்கே சேர்ந்தது. மறுவருஷம் ஜூன் மாதத்தில், அப்பணத்திலிருந்து ஏறக்குறைய 1¼ கோடி ரூபாயைக் கொண்டு, ஹரிதாஸ் முந்திரா என்ற கல்கத்தா வியாபாரியைச் சேர்ந்த ஆறு கம்பெனிகளின் பங்குகள் வாங்கப்பட்டன. அக்கம்பெனிகள் தள்ளாடிக்கொண்டிருந்தவை. முதலீடுகளை ஆராய்வதற்கென்றே அமைந்த கமிட்டிக்குக் காரியம் முடிந்த பின்னரே செய்தி தெரிந்தது.

அப்பொழுது நிதி மந்திரியாயிருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியார். 1957-ம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ந் தேதி லோகசபையில் இவ்விஷயத்தைக் கிளப்பி, ஆதாரங்களை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சியாரல்லர், காங்கிரஸ் உறுப்பினர், பிரதம மந்திரி நேருவின் மருமகனுமாவார். "நம் கட்சி, நம் மாமனார், நம் மந்திரி" என்று அவர் வாளாவிருந்திருக்கலாம். அவ்வாறிராமல், எதிர்க்கட்சியார் செய்யவேண்டிய வேலையை ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே அவர் செய்தார். உறவை ஒருபுறம் ஒதுக்கிவைத்துப் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட அவருடைய செய்கையை நம் போன்ற சங்கத்தார் முக்கியமாய் நினைவில் வைக்கத்தக்கது.

அரசாங்கம் பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளாவை ஏக நபர் கமிஷனாக நியமித்தது. அவர் மூடிய அறையில் விசாரிக்கவில்லை. பம்பாயிலே பகிரங்கமாக விசாரித்தார். உள்ளே இடம் கிடையாதவர்கள் கேட்கும்படி வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. மந்திரியும் வந்து சாக்ஷி சொன்னார். நிதி இலாகாக் காரியதரிசியும் சொன்னார். கார்ப்பொரேஷன் அதிகாரிகளும் சொன்னார்கள். தமக்குத் தெரியாமல் தம் காரியதரிசி செய்தார் என்பது மந்திரியின் கட்சி. காரியதரிசியின் செய்கைக்கு அரசியல் சாசன முறைப்படி மந்திரியே பொறுப்பாளி, கீழே உள்ளவர்மேல் பழியைப் போட்டு அவர் ஒதுங்கமுடியாது என்பது நீதிபதியின் முடிவு. கமிஷன் தொடங்கி 24 நாளில் அறிக்கை வந்துவிட்டது. கிருஷ்ணமாச்சாரியார் 1958-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ராஜீநாமாச் செய்தார்.

இதிலே கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, மந்திரி அப்பணத்தில் ஒரு காசையேனும் தாம் எடுத்துக்கொண்டார் என்று கமிஷன் கூறவில்லை. இவ்விஷயத்தில் அவருடைய பங்கு மிகச் சிறிது என்றே நேருவும் கருதினார். இருந்தும் அவர் விலகினார். இரண்டாவது, விசாரணை விரைவில் முடிந்தமையால் சந்தேகம் வருஷக்கணக்காய்த் தொங்கவில்லை. மூன்றாவது, விலகியமையால் அவர் அழிந்துபோகவில்லை. 1962-ல் மறுபடியும் மத்திய மந்திரிசபையில் இடம்பெற்று, 1963-ல் திரும்பவும் நிதி மந்திரியானார். பதவியை விடுதல் ஆயுள் தண்டனையன்று என்பதற்கு இதைவிடச் சாக்ஷி வேண்டுவதில்லை.

இதற்குச் சிறிது காலம் முன் நிகழ்ந்ததையும் பலர் அறிவர். 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி நம் அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுநாற்பது பேருக்கு மேல் மாண்டனர். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜீநாமாச் செய்தார். ஆற்று வெள்ளத்துக்கு அவர் பொறுப்பாளியா? அல்லர். நேருவும் பார்லிமெண்டில் அதையே சொல்லி, சாஸ்திரியார் குற்றவாளி என்பதற்காகவன்றி, பொறுப்பு என்பது இன்னதென்று நாட்டுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே ராஜீநாமாவை ஏற்பதாகக் கூறினார். தெருக்கதவைத் தட்டிய பழிக்காகத் தன் கையையே குறைத்துக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய தர்மமன்று.

இந்த நல்வழக்கத்தை ஒவ்வொரு மனிதரின் மேன்மைக்கு விட்டுவிடாமல் விதியாக்க வேண்டும் என்ற யோசனையும் அக்காலத்திலேயே பிறந்தது. உள்நாட்டு மந்திரியாயிருந்த அதே சாஸ்திரியார் 1962-ல் லஞ்ச ஒழிப்புக் கமிட்டி ஒன்றை ஏற்படுத்தினார். அதன் தலைவர் தமிழ்நாட்டவரான கே. சந்தானம். அக்கமிட்டியின் சிபார்சினால் 1964-ல் மத்திய விழிப்புக் கமிஷன் தோன்றியது. மந்திரிகளைப்பற்றியும் அக்கமிட்டி ஒரு வழி கூறிற்று. பார்லிமெண்டிலோ சட்டசபையிலோ பத்து உறுப்பினர்கள் கையொப்பமிட்டு ஒரு மந்திரிமீது புகார் எழுதிக் கொடுத்தால், நம்பத்தக்க நிபுணர் குழுவொன்றின் விசாரணைக்கு அதை அனுப்புவதைப் பிரதம மந்திரியோ முதல் மந்திரியோ தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்பதே அது. புகார் செய்வோர் பெயரிட்டுப் பொறுப்பேற்பர். விசாரிப்போர் கட்சியில்லாதவராய் இருப்பர். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! அதிகாரிகளுக்கான விழிப்புக் கமிஷன் நிலைத்தது. மந்திரிகளுக்கான இவ்வழக்கம் வேரூன்றவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று அறிந்தும், சட்டியைக் காக்க விதி செய்தவர்கள் கையைப் பார்க்க விதி செய்யவில்லை.

இனி மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். புகாரெல்லாம் மெய்யன்று. அரசியலில் ஒருவரைத் தள்ளுதற்கு எளிய கோல் அவதூறு என்பதை யார் அறியார்? 1996-ம் வருஷம் ஜனவரியில் ஹவாலா வழக்கு வந்தது. ஒரு குடும்பத்தார் எழுதிவைத்த குறிப்புப் புத்தகங்களில் பெயர்கள் இருந்தன என்பதைக் கொண்டு பல கட்சித் தலைவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. மத்திய மந்திரிகள் சிலர் விலகினர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த எல். கே. அத்வானி தம் லோகசபை ஸ்தானத்தை ராஜீநாமாச் செய்து, வழக்குத் தீரும்வரை தேர்தலில் நிற்பதில்லை என்று சொல்லி, அவ்வருஷத்துத் தேர்தலில் நில்லாதிருந்தார். 1997-ல் டில்லி ஹைகோர்ட்டு அக்குறிப்புக்களைப் போதிய சாக்ஷியாக ஏற்காமல் அவரை விடுவித்தது. 1998-ல் அவர் தேர்தலில் வென்று உள்நாட்டு மந்திரியானார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பதும், வழி நீளமாயிராவிட்டால் விலகி நிற்பது எளிது என்பதும் இதனால் விளங்கும்.

வழி நீண்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2010-ம் வருஷம் அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசாங்கத்துக்கு 1,76,000 கோடி ரூபாய் வரையில் நஷ்டம் நேர்ந்திருக்கலாம் என்று தணிக்கைத் தலைவர் மதிப்பிட்டார். எதிர்க்கட்சியார் கிளர்ச்சி செய்தனர். மந்திரி ஆ. ராசா நவம்பர் 14-ந் தேதி விலகினார். கூட்டுக்கமிட்டி வேண்டும் என்ற கிளர்ச்சியால் பார்லிமெண்டின் குளிர்காலக் கூட்டம் ஏறக்குறைய முழுவதும் வீணாயிற்று. 2011 பிப்ரவரியில் அவர் கைதானார். 2012 பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 122 லைசென்சுகளை ரத்துசெய்தது. 2017 டிசம்பர் 21-ந் தேதி விசேஷக் கோர்ட்டு, குற்றம் ருஜுவாகவில்லை என்று அவரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தது. அதன்மேல் செய்த அப்பீலை 2024 மார்ச்சு மாதத்தில்தான் டில்லி ஹைகோர்ட்டு விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.

விலகிய நாளிலிருந்து விடுதலையான நாள்வரை ஏழு வருஷம். அப்பீல் ஏற்கப்படும்வரை பதின்மூன்று வருஷத்துக்கு மேல்! அவர் நிரபராதியாயின், ஏழு வருஷம் பழி சுமந்தமைக்கு ஈடு என்ன? குற்றவாளியாயின், இத்தனை வருஷம் குடிகளுக்கு நியாயம் கிடையாமற் போனதற்கு விடை என்ன? எவ்வகையில் பார்த்தாலும் தோற்றவர்கள் குடிகளே. சாக்ளா முடித்தது 24 நாளில் என்பதை இங்கே எண்ணிப் பாருங்கள். கமிஷன் விசாரணை வேறு, கிரிமினல் வழக்கு வேறு என்பது உண்மையே. சிறைக்கு அனுப்புவதற்கு ஐயமற்ற ருஜு வேண்டும். அதற்குக் காலமும் செல்லும். ஒருவர் நாற்காலியில் இருக்கத்தக்கவரா என்று பார்ப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

ஆகையால் என் அபிப்பிராயத்தில் இவ்விவாதத்தின் உயிர்நிலை விலக்குவதா வேண்டாமா என்பதன்று. எத்தனை நாளில் முடிப்பது என்பதே. எதிர்க்கட்சியார் "போ" என்கின்றனர். "இன்ன தேதிக்குள் விசாரித்து முடி" என்று அதே ஊக்கத்தோடு கேட்பதில்லை. ஆளுங்கட்சியார் "ருஜுவாகட்டும்" என்கின்றனர். ருஜுவாவதற்கு வேண்டிய விரைவை அளிப்பதில்லை. வழக்கு இழுபடுவது இருவருக்கும் வசதி. ஒருவருக்கு அது மேடைப் பேச்சு. மற்றவருக்கு அது தப்பும் வாயில்.

இக்குறையை 2023 முதல் 2025 வரை நம் நாட்டிலேயே கண்டோம். முன்னே சொன்ன செந்தில் பாலாஜியின்மீது கூறப்பட்டது, 2011-க்கும் 2015-க்கும் இடையில் வேறொரு கட்சியின் ஆட்சியில் அவர் போக்குவரத்து மந்திரியாயிருந்த காலத்தில், உத்தியோகத்துக்காகப் பணம் பெறப்பட்டது என்பதாம். 2023 ஜூன் 14-ந் தேதி அமலாக்க இலாகாவினர் அவரைக் கைதுசெய்தனர். இலாகா இல்லாத மந்திரியாக அவர் எட்டு மாதம் சிறையிலிருந்தே பதவி வகித்து, 2024 பிப்ரவரியில் விலகினார். செப்டம்பரில் ஜாமீன் பெற்று, சில நாளில் திரும்பவும் மந்திரியானார். அதைச் சுப்ரீம் கோர்ட்டு வினவியபின் 2025 ஏப்ரலில் மறுபடியும் விலகினார். அவர் குற்றவாளியா என்பது கோர்ட்டார் சொல்லவேண்டியது, நான் சொல்லத்தக்கதன்று. புகாருக்குட்பட்ட செய்கை நிகழ்ந்து பத்து வருஷம் ஆனபின்னும் மந்திரி இருப்பதா போவதா என்று வாதாடிக்கொண்டிருந்தோமே, உத்தியோகத்துக்காகப் பணம் கொடுத்ததாகச் சொல்லும் குடும்பங்களைப்பற்றி யார் பேசினார்? அது கேட்கும்போதெல்லாம் என் திண்ணையில் உட்கார்ந்த பெரியவரே என் கண்முன் வருகிறார்.

2025-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி மத்திய அரசாங்கத்தார் அரசியல் சாசனத்தின் 130-வது திருத்த மசோதாவை லோகசபையில் கொண்டுவந்தனர். ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்துக்காகத் தொடர்ந்து 30 நாள் காவலிலிருக்கும் மந்திரி, முதல் மந்திரி, பிரதம மந்திரி யாராயினும் 31-ம் நாள் பதவி இழக்கவேண்டும் என்பது அதன் சாரம். எதிர்க்கட்சியார் கடுமையாய் எதிர்த்தனர். மசோதா கூட்டுக்கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. மந்திரிகளை விலக்கச் சொல்லி நாள்தோறும் கேட்கும் எதிர்க்கட்சியாரே இதை ஏன் எதிர்த்தனர் என்று வியப்புறலாம். அவர்கள் கூறும் காரணம் அற்பமானதன்று. கைதுசெய்யும் அதிகாரம் மத்திய அரசாங்கத்தின் இலாகாக்களிடம் இருக்கின்றது. சில சட்டங்களில் ஜாமீன் பெறுவது அரிதினும் அரிது. ஆகையால் வேண்டாத ராஜ்யத்து மந்திரியை 30 நாள் அடைத்துவைத்தே பதவியிழக்கச் செய்துவிடலாம் என்கின்றனர். போலீசார் கைதுசெய்வதையன்றி, ஒரு நீதிபதி காகிதங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு வனைவதை எல்லையாகக் கொண்டால் இவ்வச்சம் பெரும்பாலும் நீங்கும். தேர்தலில் நிற்போர் விஷயத்தில் இதனையொத்த எல்லையைச் சட்டக் கமிஷன் 2014-ம் வருஷத்து அறிக்கையில் சிபார்சு செய்திருக்கிறது.

விலகுவது உண்மையான விலகலாகவும் இருக்கவேண்டும். 1997-ம் வருஷம் ஜூலையில், மாட்டுத்தீவன வழக்கிலே பீகார் முதல் மந்திரி லாலு பிரசாத் பதவியை விட்டார். அவ்விடத்தில் அவர் மனைவியார் ராப்ரி தேவி அமர்ந்தார். நாற்காலி கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குப் போனால் வீடு மாறியதாகுமா?

மகாஜனங்களே! இவ்வளவு பெரிய விஷயத்துக்கு வழி, நம் வீட்டுக்குள்ளேயே ஒரு காலத்தில் இருந்தது. நம் மாணவர் விடுதியைக் கட்டிய நாளில் பொக்கிஷதாராயிருந்தவர் என் பெரிய தகப்பனார். செங்கல், சுண்ணாம்புக் கணக்கு ஒத்துவரவில்லை என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். பெரியப்பா கோபிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய், பெட்டிச் சாவியையும் கணக்குப் புத்தகங்களையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டுவந்து தலைவர்முன் வைத்தார். "கணக்குப் பார்த்து முடியும்வரை இச்சாவியை நான் தொடமாட்டேன். பார்ப்பவர் நம் குலத்தவராய் இருக்கவேண்டாம், வேற்றாராய் இருக்கட்டும். ஆனால் ஆவணி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள்" என்றார். வேற்றூரிலிருந்து கணக்கர் ஒருவர் வந்து பார்த்தார். வண்டிச்சத்தம் 37 ரூபாய் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது, அது குமாஸ்தாவின் பிழை, வேறு குறையில்லை. ஆவணி முதல் வாரத்தில், அதே தட்டில் சாவியை வைத்துப் பெரியப்பாவிடம் நீட்டியவர், குறை சொன்னவரே. அதன்பின் பதினோரு வருஷம் அவர் அப்பெட்டியைக் காத்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாவியை வைத்தார், வேற்றாரைப் பார்க்கச் சொன்னார், தேதி குறித்தார், குற்றமில்லை என்றபின் மானத்தோடு திரும்பப் பெற்றார். இந்நான்கும் சேர்ந்தால்தான் நியாயம். எதிர்க்கட்சியார் முதலாவதை மட்டும் கேட்கின்றனர். ஆளுங்கட்சியார் நான்காவதை மட்டும் முன்கூட்டியே கேட்கின்றனர். நடுவிலுள்ள இரண்டையும் கேட்கவேண்டியவர்கள் நாம்.

ஆதலின் நிர்வாக சபையாருக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு; நம் சங்க விதிகளில் இதைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொதுப்பதவியிலுள்ள ஒருவர்மேல் ஊழல் புகார் எழுந்தால், அவர் நம்மவர் என்பதற்காக ஆதரவுத் தீர்மானமோ, பிறர் என்பதற்காகக் கண்டனத் தீர்மானமோ இச்சங்கம் செய்யலாகாது. விசாரணை வேண்டும், அதற்குத் தேதி வேண்டும், அதுவரை அவர் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது ஒன்றே எவர் விஷயத்திலும் நாம் அனுப்பும் வேண்டுகோளாயிருக்க வேண்டும். அப்புகாரினால் நஷ்டமடைந்தோர் நம்மில் இருந்தால், அவர்கள் அஞ்சாமல் வந்து சொல்லுவதற்கும், தக்க அதிகாரியிடம் அழைத்துச் செல்லுவதற்கும் நாம் துணை நிற்கவேண்டும். குற்றமற்றவர் என்று தீர்ப்பான நாளில், அவர் எக்குலத்தவராயினும், பழித்த வாயாலேயே வாழ்த்தவேண்டும்.

இவ்விதியால் நம்மவர் ஒருவரின் பதவி என்றேனும் போகலாம். அதனால் நம் குலத்துக்கு நஷ்டம் என்று சிலர் வருந்தலாம். ஒருவர் பதவியில் குலத்தின் மானம் தங்கியிருக்கவில்லை. இரண்டு ஏக்கர் நன்செயை இழந்தவரும் நம் குலந்தான். அவருக்காக அன்று ஒரு தந்தியும் போகவில்லை.

அப்பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகனும் பேரரும் இச்சபையில் அமர்ந்திருக்கின்றனர். பல வருஷம் தாமதமானாலும், "யாரிடம் போய்ச் சொல்வது?" என்ற அவர் கேள்விக்கு, "உங்கள் சங்கத்திடம் வந்து சொல்லுங்கள்" என்று நாம் விடையளிக்கும்படி செய்யுங்கள்.